கூட்டல் குறி போட்டால் மருந்தாகிவிடுமா?

விஸ்வநத்தத்தில் போய் 'மருந்து' என்று கேட்டால் யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு வழி காட்ட மாட்டார்கள். அங்கே மருந்து என்றால் பட்டாசுக்குள் போவது. சிவகாசியை ஒட்டிய அந்த ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் மருந்து கலப்பவர்களுக்குக் கல்லூரிப் பக்கம் போகாமலே ஒரு விஷயம் தெரியும். சிவப்பு எரிய ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம் (பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை செய்தது தனிக்கதை), மஞ்சளுக்கு சோடியம். இதில் சோடியம் பொல்லாத முரடு. பச்சை மருந்தில் கொஞ்சம் சோடிய உப்பு கலந்துவிட்டால் போதும், மஞ்சள் மேலே ஏறி பச்சையை அமுக்கிவிடும். எரிவது மஞ்சளாக இருக்கிறது, ஆகவே உள்ளே பேரியம் இல்லை என்று எந்த அனுபவசாலியும் சத்தியம் செய்ய மாட்டார்.

அதே ஊர் ரோட்டோரத்தில் குப்பைமேனியைப் பறித்துக்கொண்டு போகிற எம்.எஸ்சி. மாணவர் சத்தியம் செய்கிறார்! அதுவும் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மூன்று காப்பி எடுத்து, கைடிடம் கையெழுத்து வாங்கி.

தாவரவியல், வேதியியல், உயிர்வேதியியல், மைக்ரோபயாலஜி, பார்மசி என்று எந்தத் துறையாக இருந்தாலும் தமிழ்நாட்டில் ப்ராஜெக்ட் என்றதும் முதலில் கைக்கு வருவது 'பைட்டோகெமிக்கல் ஸ்க்ரீனிங்'. ஒரு இலையைப் பறி. நிழலில் காயவை. மிக்ஸியில் அடி. மெத்தனாலிலும் தண்ணீரிலும் ஊறவை. வடிகட்டு. பத்துப் பன்னிரண்டு டெஸ்ட் ட்யூபில் பிரித்து ஊற்றி ஒவ்வொன்றிலும் ஒரு ரீஏஜென்டை விடு. நிறம் மாறினால் +, நன்றாக மாறினால் ++, மாறாவிட்டால் −. அட்டவணை தயார். ஆல்கலாய்டு உண்டு, பிளேவனாய்டு உண்டு, சப்போனின் உண்டு, டானின் உண்டு. கடைசிப் பக்கத்தில் முடிவுரை: 'எனவே இத்தாவரம் மருத்துவக் குணம் நிறைந்தது.'

அந்த 'எனவே' இருக்கிறதே, அதுதான் சண்டைக்குரிய விஷயம்.

முதலில் ஆல்கலாய்டை எடுத்துக்கொள்ளலாம். மேயர் (பாதரசமும் அயோடைடும்), டிராகன்டார்ஃப் (பிஸ்மத்தும் அயோடைடும்), வாக்னர் (அயோடின்), ஹேகர் (பிக்ரிக் அமிலம்) என்று நான்கு ரீஏஜென்ட். எதில் வீழ்படிவு வந்தாலும் ஆல்கலாய்டு இருப்பதாக ரெக்கார்டில் எழுதுவது வழக்கம். ஆனால் இவை ஆல்கலாய்டை அடையாளம் கண்டு அதை மட்டும் பிடிப்பவை அல்ல. நைட்ரஜன் உள்ள காரத்தன்மைப் பொருள்களோடு சேர்ந்து கரையாத உப்பாக விழும், அவ்வளவுதான். புரதத்தோடும் அப்படியே விழும். முட்டை வெள்ளைக்கரு கரைசலில் ஹேகர் ரீஏஜென்டை விட்டுப் பாருங்கள், மஞ்சளாகத் திரளும். இது ஒன்றும் ரகசியம் இல்லை. எஸ்பாக் சோதனை என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தியது. அதன் சரக்கு என்ன தெரியுமா? பிக்ரிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும். ஆஸ்பத்திரி மேஜையில் புரதம் என்று சொன்ன அதே மஞ்சள் படிவு, கல்லூரி மேஜைக்கு வந்ததும் ஆல்கலாய்டு ஆகிவிடுகிறது. இலையில் புரதம் இல்லாமலா இருக்கும்?

டிராகன்டார்ஃப் கொஞ்சம் கௌரவமானது என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்க மருந்தியல் அறிஞர் நார்மன் ஃபார்ன்ஸ்வொர்த் 1966-ல் தாவரச் சோதனைகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார். நைட்ரஜனே இல்லாத சில பொருள்கள், குறிப்பாக கார்பனைல் தொகுதியும் இரட்டைப் பிணைப்பும் அடுத்தடுத்து அமைந்தவை, சில லாக்டோன்கள், கூமரின்கள், டிராகன்டார்ஃபில் ஆரஞ்சு நிறம் காட்டி ஏமாற்றும் என்பது அப்போதே அச்சில் வந்துவிட்டது. அந்த மாணவரின் தாத்தா கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய காலம் அது. பேரன் ரெக்கார்டில் இன்னும் ஆரஞ்சு = ஆல்கலாய்டுதான்.

வாக்னர் இன்னும் வேடிக்கை. ரீஏஜென்டே பழுப்பு. அதை விட்டதும் 'செம்பழுப்பு நிறம் தோன்றியது' என்று எழுதுகிறார்கள். தோன்றாமல் எங்கே போகும்?

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. உலகத்தில் தினமும் அதிகம் பேர் குடிக்கும் ஆல்கலாய்டு காஃபீன். டீக்கடை டிகாஷனில் தாராளமாக இருக்கிறது. ஆனால் காஃபீன் மேயர் ரீஏஜென்டில் வீழ்படிவு தராது. அதற்கு மியூரெக்ஸைடு என்று வேறு சோதனை வேண்டும். எபிட்ரினும் மேயருக்கு மசியாது. வெள்ளைக்கருவைக் கண்டு கையைத் தூக்கி, காஃபீனைக் கண்டு பேசாமல் இருக்கும் ஒரு சோதனையை நம்பி ஒரு செடியின் மீது முத்திரை குத்துகிறார்கள்.

புரதத்தால் வரும் குழப்பத்தை நீக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் செலவில்லாத வழி. சாற்றை நீர்த்த அமிலத்தில் எடுத்து, வடிகட்டி, அம்மோனியா விட்டுக் காரமாக்கி, குளோரோபாரத்தில் குலுக்கிப் பிரித்து, மறுபடி அமிலத்துக்குக் கொண்டுவந்து, பிறகு சோதிப்பது. புரதம் வழியிலேயே நின்றுவிடும். (மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் மாதிரி நான்கிணைய ஆல்கலாய்டுகள் தண்ணீரிலேயே தங்கிவிடும் என்பதால் அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடக் கூடாது.) அரை நாள் வேலை. எத்தனை ப்ராஜெக்டில் இது நடக்கிறது?

டிராகன்டார்ஃப் என்பவர் யார் என்று பார்த்தால் இன்னொரு சங்கதி தெரியவரும். 19-ம் நூற்றாண்டில் டார்பாட் நகரில் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) பேராசிரியராக இருந்தவர். விஷச் சாவுகளில் உடலிலிருந்து தாவர விஷத்தைக் கண்டுபிடிப்பது அவர் காலத்தின் பெரிய கேள்வி. அந்தச் சோதனைகளை நம்பித்தான் கோர்ட்டில் தீர்ப்புகள் வந்துகொண்டிருந்தன. 1870-களில் இத்தாலியின் பொலோஞாவில் பிரான்செஸ்கோ செல்மி என்ற வேதியியலாளர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். யாரும் விஷம் வைக்காத பிணங்களும் அழுகும்போது ஆல்கலாய்டு போலவே சோதனை காட்டும் பொருள்களை உண்டாக்குகின்றன! 'டோமெய்ன்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். நிறம் மாறியது என்பதற்காக ஒருவனைத் தூக்கில் போடலாமா என்ற கேள்வி அன்றே எழுந்து, குற்றவியல் வேதியியல் ஒழுங்காக வளர அதுவும் ஒரு காரணமாயிற்று. கோர்ட் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கற்றுக்கொண்டதைக் கல்லூரி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

சப்போனினுக்கு நுரைச் சோதனை. சாற்றைக் குலுக்கு, நுரை நின்றால் +. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைப்பது உண்மையிலேயே சப்போனினால்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் முட்டை அடித்தாலும் நுரைக்கிறது, செம்பருத்தி இலையை அரைத்தாலும் வழவழப்போடு கொஞ்சம் நுரைக்கிறது. புரதமும் பசைப்பொருளும் நுரையைத் தாங்கும். முந்தின பேட்ச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிச் சரியாக அலசாத டெஸ்ட் ட்யூபும் நுரைக்கும்!

பினால், டானினுக்கு பெர்ரிக் குளோரைடு. இதில் ஒரு நேர்மை இருக்கிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்தால் கறுப்பு வரும் என்று சாயக்காரர்களும் மை காய்ச்சியவர்களும் நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டு ஆரத்தி கரைக்கிற பாட்டியும், வெற்றிலை பாக்கோடு சுண்ணாம்பு சேர்த்து வாய் சிவக்கிறவரும் நிறச் சோதனைதான் செய்கிறார்கள். ஆனால் ஆரத்தி சிவந்ததைப் பார்த்து, இந்தத் தட்டில் புற்றுநோயைக் குணமாக்கும் பொருள் உறுதி என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

டெர்பினாய்டு, ஸ்டீராய்டுக்கு சால்கோவ்ஸ்கி. சாற்றோடு குளோரோபாரம், பிறகு ட்யூபின் பக்கவாட்டில் அடர் கந்தக அமிலத்தை மெதுவாக விட வேண்டும். நடுவில் செம்பழுப்பு வளையம் வந்தால் +. அடர் கந்தக அமிலத்தை வெல்லத்தில் ஊற்றினாலும் பழுப்பாகும், கறுப்பாகும். இலையின் மெத்தனால் சாற்றில் சர்க்கரை இருக்கிறது, பச்சையம் இருக்கிறது, கருகக் கூடியது எத்தனையோ இருக்கிறது. கருகலையும் வளையத்தையும் கண்ணால் பிரித்துச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

லெட் அசிடேட் சோதனைக்கு வந்தால் விஸ்வநத்தத்துக்கே திரும்ப வேண்டும். சாற்றில் லெட் அசிடேட் விட்டு வெள்ளைப் படிவு வந்தால் பினாலிக் பொருள் உண்டு என்பது வழக்கமான வாசகம். ஆனால் பிளஸ் டூ படித்த யாருக்கும் தெரியும், ஈயம் சல்பேட்டோடு சேர்ந்தால் வெள்ளைப் படிவு, கார்பனேட்டோடு சேர்ந்தால் வெள்ளைப் படிவு, குளோரைடு போதிய அளவு இருந்தால் அதற்கும் வெள்ளைப் படிவு. கருமருந்து எரிந்தால் மிஞ்சும் சாம்பலிலும் புகையிலும் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட்டும் பொட்டாசியம் சல்பேட்டும். பட்டாசு சோதித்துப் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்ற செடியின் இலையைக் கழுவாமல் ஊறவைத்தால் லெட் அசிடேட் என்ன சொல்லும்? 'பினால் ++' என்று சொல்லும். இலையே வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்; அந்தத் தண்ணீரை மட்டும் டெஸ்ட் ட்யூபில் எடுத்து லெட் அசிடேட் விட்டாலே பால் மாதிரி கலங்கும். அப்படியென்றால் போர் தண்ணீருக்கும் மருத்துவக் குணம் உண்டு என்று ஒரு ப்ராஜெக்ட் போடலாம் :-)

இதைப் பிடிக்க ஒரே ஒரு டெஸ்ட் ட்யூப் போதும். செடி இல்லாமல் கரைப்பானையும் ரீஏஜென்டையும் மட்டும் கலந்து வைக்கும் பிளாங்க். காசு? பூஜ்யம். பக்கத்திலேயே அந்தப் பொருள் நிச்சயம் இருக்கும் ஒன்று (சப்போனினுக்கு பூந்திக்கொட்டை, டானினுக்கு கடுக்காய்), அந்தப் பொருளே இல்லாத ஒன்று. மொத்தம் மூன்று ட்யூப் அதிகம். ரெக்கார்டுகளைப் புரட்டினால் இவை அநேகமாகக் கண்ணில் படுவதில்லை.

இதெல்லாம் பையன்கள் பாஸாவதற்குச் செய்யும் வேலை, விட்டுத் தள்ளலாம் என்று தோன்றலாம். தள்ள முடியாது, ஏனென்றால் இந்த அட்டவணை ப்ராஜெக்டோடு நிற்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு போடும் இதழில் கட்டுரையாகிறது. அங்கிருந்து பொடி வியாபாரியின் நோட்டீஸுக்குப் போகிறது. லேபிள் அடிக்க சிவகாசி ஆப்செட்டுக்கு வருகிறது. 'ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது: ஆல்கலாய்டு, பிளேவனாய்டு, கிளைக்கோசைடு நிறைந்தது.' சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறார் என்றால் அந்தக் கூட்டல் குறிக்கு யார் பொறுப்பு?

கிளைக்கோசைடு என்றதும் ஒரு உதாரணம். 'கார்டியாக் கிளைக்கோசைடு', அதாவது இதயத்தைத் தாக்கும் வகை, இருக்கிறதா என்று பார்க்க லீகல், கெட்டே என்று சோதனைகள் உண்டு. இவை உண்மையில் பிடிப்பது மூலக்கூறின் ஒரு மூலையில் இருக்கும் ஐந்து அணு லாக்டோன் வளையத்தை. மஞ்சள் அரளி விதையில் இந்த வகை கிளைக்கோசைடு உண்டு; அது ஆளைக் கொல்லும். தமிழ்நாட்டு, இலங்கை ஆஸ்பத்திரிகளுக்கு அரளி விஷம் புதிதல்ல. இப்போது நிலவேம்பைப் பாருங்கள். டெங்கு காலங்களில் அரசே குடிநீராகக் காய்ச்சிக் கொடுத்தது. 9 சரக்கு சேர்ந்த சித்த மருந்தின் தலைச்சரக்கு. அதன் கசப்புப் பொருள் ஆண்ட்ரோகிராபோலைடு. அதிலும் லாக்டோன் வளையம் இருக்கிறது. அதனால் கெட்டே ரீஏஜென்டில் அதுவும் ஊதாச் சிவப்பாக மாறும். நிலவேம்பை அடையாளம் காணவே இந்த வினையைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அது இதய கிளைக்கோசைடு அல்ல. ஆக, அட்டவணையை மட்டும் பார்த்தால் நிலவேம்புக்கும் +, அரளிக்கும் +. ஒன்று அரசு ஆஸ்பத்திரி வாசலில் டம்ளரில் கொடுப்பது, மற்றொன்று அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அனுப்புவது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத அட்டவணையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

கழித்தல் குறி இதைவிட ஆபத்தானது. கரிசல் காட்டில் ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு கொடி படர்ந்து கிடக்கும். ஆடு கூடத் தீண்டாது என்று பெயரிலேயே முன்னோர் எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். அது அரிஸ்டோலோக்கியா இனம். அந்த இனத்தின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். 1993-ல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்துவிட்டதுதான் காரணம். ப்ராஜெக்டின் பத்து டெஸ்ட் ட்யூபில் அரிஸ்டோலோக்கிக் அமிலத்துக்கென்று ஒரு ட்யூபும் இல்லை. தேடாத பொருள் எப்படிக் கிடைக்கும்? ஆனால் முடிவுரையில் 'பக்க விளைவுகள் அற்றது' என்ற வரி மட்டும் தவறாமல் வந்துவிடும்.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது?

முதல் வாதம்: 'இது வெறும் முதல்நிலை ஆய்வுதானே.' நல்லது. முதல்நிலை என்றால் அடுத்த நிலை எங்கே? பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் ஒரு மாணவி, சாம்பல் சோதனையில் நிறம் வந்துவிட்டது என்று பதிலை எழுதிவிட்டு எழுந்துவிட முடியுமா? உறுதிச் சோதனை எங்கே என்று கேட்டு மார்க்கைக் குறைப்பார்கள். 17 வயதில் ஒரு சாதாரண ஜிங்க் உப்புக்கு உறுதிச் சோதனை கட்டாயம். 22 வயதில், ஆயிரம் பொருள் கலந்த இலைச்சாற்றுக்கு அது தேவையில்லை! இதைவிடத் தலைகீழ் பாடத்திட்டம் வேறு எங்காவது உண்டா?

இரண்டாவது வாதம்: 'எல்லாரும் ஹார்போன் புத்தகப்படிதான் செய்கிறோம்.' ஜே.பி. ஹார்போன் 1973-ல் வெளியிட்ட தாவர வேதிமுறைகள் புத்தகத்தை மேற்கோள் காட்டாத ப்ராஜெக்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ தெரியாது. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தாள் குரோமட்டோகிராபி, மென்தகட்டுக் குரோமட்டோகிராபி, நிறமாலை. முதலில் பிரி, பிறகு அடையாளம் காண் என்பதுதான் அதன் சாரம். பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாதம்தான் உருக்கமானது: 'காசில்லை. மெஷின் இல்லை. கிராமத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?' இதில் உண்மை இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் சென்னை மாநிலக் கல்லூரியில் 1950-களில் டி.ஆர். கோவிந்தாச்சாரியிடம் என்ன மெஷின் இருந்தது? நஞ்சறுப்பான் கொடியின் டைலோபோரின் உட்பட பல ஆல்கலாய்டுகளின் கட்டமைப்பை அவரும் மாணவர்களும் ஒரு அரசுக் கல்லூரியில் உட்கார்ந்து விடுவித்தார்கள். பொருளைப் பிரித்து, படிகமாக்கி, உடைத்துப் பார்த்து, செயற்கையாகச் செய்து பார்த்து. மேயரில் கலங்கியது, டைலோபோரின் கிடைத்தது என்று எழுதிவிட்டுப் போகவில்லை. எல்லாரும் கோவிந்தாச்சாரி ஆக வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டில் சிலிகா ஜெல் பூசி, பக்கத்தில் தெரிந்த பொருளையும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். டிராகன்டார்ஃபை அந்தத் தகட்டின் மேல் தெளித்தால் அதற்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

மெஷின் கிடைத்தவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும். சாற்றை எங்காவது வெளியே அனுப்பி ஜி.சி.எம்.எஸ். எடுத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் தன் நூலகத்தோடு ஒப்பிட்டு முப்பது பெயர்களை அச்சடித்துத் தருகிறது. அதில் பாருங்கள், தாலேட் எஸ்டர்கள் இருக்கும். பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் பொருள் அது. கரைப்பான் இருந்த கேனிலிருந்தோ, ட்யூபிலிருந்தோ, மூடியிலிருந்தோ வந்தது. சிலாக்சேன் இருக்கும். அது கருவியின் சொந்தக் குழாயிலிருந்தே கசிவது. கட்டுரையில் இரண்டும் 'இம்மூலிகையின் வீரியமிக்க உயிர்ப்பொருள்கள்' என்று பட்டியலாகும், எதிரில் 'புற்றுநோய் எதிர்ப்பு, கிருமி எதிர்ப்பு' என்ற குறிப்போடு. கேனில் இருந்த பிளாஸ்டிக்குக்குச் சித்தர் பட்டம்! ஆவியாகாத கிளைக்கோசைடுகள் அந்தக் கருவியில் பறக்கவே பறக்காது என்பதும் யார் கவனத்துக்கும் வருவதில்லை.

'மொத்த பினால்' அளக்கும் போலின்-சியோகால்ட்டு ரீஏஜென்டின் கதையும் இதே ரகம். 1927-ல் போலினும் சியோகால்ட்டுவும் அதைப் பற்றி எழுதியது புரதத்தில் உள்ள டைரோசினையும் டிரிப்டோபனையும் அளக்க. உயிர்வேதியியல் மாணவர்கள் அதே பாட்டிலை வைத்து லௌரி முறையில் புரதம் அளக்கிறார்கள். தாவரவியல் மாணவர் அடுத்த மேஜையில் அதே பாட்டிலை வைத்து பினால் அளக்கிறார். நெல்லிக்காயின் வைட்டமின் சி-யும் அதில் நீலம் காட்டும். ஒரே லேப், ஒரே பாட்டில், இரண்டு மேஜை, இரண்டு உண்மை.

மஞ்சளின் குர்குமினுக்கே இந்த கதி நேர்ந்திருக்கிறது. எதைச் சோதித்தாலும் பலன் காட்டும் பொருள் என்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தன. 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் உட்கார்ந்து அலசி, அந்தப் பொருள் பல சோதனை முறைகளிலேயே குறுக்கிட்டுப் போலி முடிவு தரக்கூடியது, உடலுக்குள் போனால் நிலைப்பதும் இல்லை என்று எழுதினார்கள். அதனால் மஞ்சள் மட்டம் என்று அர்த்தமில்லை. டெஸ்ட் ட்யூப் சொன்னதை உடம்பும் சொல்ல வேண்டும் என்றுதான் அர்த்தம். 2022-ல் மைக்கேல் ஹெய்ன்ரிக் முதலான ஆய்வாளர்கள், மூலிகைச் சாறு பற்றிய கட்டுரை என்றால் சாற்றில் என்ன இருக்கிறது என்பதை எந்தத் தரத்தில் காட்ட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளே வெளியிட்டார்கள். வெறும் + − அட்டவணை அந்த வாசலைத் தாண்டாது.

இதே விருதுநகர் மாவட்டத்துக்கு இது தெரியாத பாடமும் அல்ல. 1996-ல் ராஜபாளையம் பக்கம் இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையையும் தண்ணீரையும் உப்பு, எலுமிச்சைச் சாறோடு காய்ச்சிக் கலக்கி எரிபொருள் எடுத்துக் காட்டினார். நாடே வாயைப் பிளந்தது. திரவம் எரிந்ததா? எரிந்தது. ஹைட்ரோகார்பன்தானா? ஆமாம். சோதனை பொய் சொல்லவில்லை. ஆனால் 'இது எரிகிறதா' என்ற கேள்விக்கு வந்த பதிலை 'இது இலையிலிருந்து வந்ததா' என்ற கேள்விக்கான பதிலாக மாற்றிக்கொண்டது ஊர். விஞ்ஞானிகள் தங்கள் கண்காணிப்பில் தங்கள் சாமான்களைக் கொண்டு செய்யச் சொன்னபோது வித்தை பலிக்கவில்லை. கலக்கும் குச்சியின் உள்ளீட்டில் எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்திருந்தது என்று பேசப்பட்டது. அதன் பிறகும் அடங்கவில்லை. சென்னையில் மூலிகை எரிபொருள் என்று விற்பனை நடந்தது. டொலுயீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்று சி.பி.ஐ. 2000-ல் வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கும் கூட இருந்தவர்களுக்கும் 3 ஆண்டு கடுங்காவல் விதித்தது.

ராமர் பிள்ளையையும் ப்ராஜெக்ட் மாணவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. அங்கே ஏமாற்று, இங்கே பெரும்பாலும் அப்பாவித்தனம், மார்ச் மாத அவசரம், 'போன வருஷ சீனியர் ரெக்கார்டு'. ஆனால் பார்த்தவர்கள் செய்த தவறு ஒன்றேதான். அன்று குச்சியைச் சோதிக்கவில்லை, இன்று பிளாங்க் வைக்கவில்லை. மாணவரைவிட, ஆண்டுதோறும் அதே அட்டவணையில் கையெழுத்துப் போடும் கைடும், வைவாவுக்கு வந்து ஸ்வீட் காரம் சாப்பிட்டு நூற்றுக்குத் தொண்ணூறு போட்டுவிட்டுப் போகும் எக்ஸ்டெர்னலும்தான் கூண்டில் ஏற வேண்டியவர்கள். அவர்கள் மூன்றே கேள்வி கேட்டிருந்தால் போதும். செடியின் உலர்மாதிரி எங்கே? பிளாங்க் எங்கே? தெரிந்த பொருளை வைத்து ஒப்பிட்டது எங்கே?

கேட்கவில்லை என்பதால் வேறு ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேயர் ரீஏஜென்டில் இருப்பது பாதரசம். லெட் அசிடேட்டில் இருப்பது ஈயம். ஒரு பேட்சுக்கு நாற்பது ப்ராஜெக்ட் என்றால் அத்தனை ட்யூபும் கடைசியில் சிங்க்கில்தான் கவிழ்கின்றன. குடிதண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் ஒரு மாவட்டத்தில். பிக்ரிக் அமிலத்தைப் பற்றி விஸ்வநத்தத்துக்காரர்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்: ஈரமாக இருக்கும்வரை சாது, காய்ந்தால் வெடிமருந்து, ஒரு காலத்தில் பீரங்கிக் குண்டுகளில் அடைத்தது அதைத்தான். ஒரு கிலோ மருந்து கூடுதலாக வைத்திருந்தால் அங்கே நாக்பூர் லைசென்ஸ், ஃபோர்மேன், செக்கிங், சீல். கல்லூரி லேப் அலமாரியிலோ பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய ஹேகர் ரீஏஜென்ட் பாட்டில், மூடியைச் சுற்றி மஞ்சளாகப் படிந்து காய்ந்துபோய், அடுத்த ஜனவரியில் ஒரு மாணவர் வந்து திருகித் திறப்பதற்காக உட்கார்ந்திருக்கிறது.